அறிவியல் பயிலாதோருக்கான அறிவியல் பாடம்

1987-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' என்னும் கல்வி ஆவணப்படம் ஒன்று வெளியாயிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளில் மாணவர், பழைய மாணவர், ஆசிரியர் என 23 பேரை அணுகி எளிய வினாக்கள் கேட்கப்பட்டன. கோடையில் வெப்பம் மிகுவது ஏன்? நிலவு தேய்வதும் வளர்வதும் ஏன்? அவர்களுள் 21 பேரின் விடைகளில் பிழை இருந்தது. கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருகிறது என்றனர் பலர். உண்மையில், வடபுலத்தார் குளிரில் நடுங்கும் ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் அத்தொலைவு 15.2 கோடியாகிறது. பருவ மாற்றத்திற்குக் காரணம் தொலைவு அன்று. பூமியின் அச்சுச் சாய்வு. நிலவைப் பற்றிய விடையிலும் இத்தகைய பிழையே நேர்ந்தது. பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவதால் பிறை தோன்றுகிறது என்று அவர்கள் எண்ணியிருந்தனர்.

இதனைப் படித்தபோது நகைக்க நமக்கு நாவெழவில்லை. இப்பிழையை நாமே பல ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்திருக்கிறோம். மத்ரஸாவில் ஓதி, பின்னர் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்று, அரபிக் கல்லூரியில் நோன்பின் சட்டங்களைப் பாடம் நடத்தும்போதெல்லாம், பிறை பிறப்பதைப் பூமியின் நிழலைக் கொண்டே விளக்கி வந்தோம். மாணவர் எவரும் மறுக்கவில்லை. ஒருநாள் வீட்டில் எட்டாம் வகுப்புப் பயிலும் நம் மருமகனிடம் அதே விளக்கத்தைக் கூறியபோது, "மாமா, பூமியின் நிழல் விழுந்தால் அது கிரகணமல்லவா?" என்று அவன் கேட்டான். சற்றே எண்ணிப் பார்த்திருந்தால் நமக்கே புலப்பட்டிருக்கும். மாலைப் பிறை சூரியன் மறையும் திசையில், அதனை ஒட்டியே நிற்கிறது. பூமியின் நிழலோ சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் நீளுகிறது. அந்நிழல் பிறையைத் தொடுவது எங்ஙனம்? அந்தியில் இரண்டையும் ஒருசேரக் கண்ணால் கண்டிருந்தும், கண்டதைக் கொண்டு சொன்னதை நாம் சோதித்துப் பார்க்கவில்லை.

இதில் வேதனைக்குரிய செய்தி வேறொன்றும் உண்டு. பழைய நிஜாமிய்யாப் பாடத்திட்டத்தில் வானவியலும் இடம் பெற்றிருந்தது. 'தஷ்ரீஹுல் அஃப்லாக்' ஓதப்பட்டது. சக்மீனியின் நூலுக்குக் காழீ ஸாதா ரூமி எழுதிய விரிவுரையும் ஓதப்பட்டது. சூரியன், சந்திரன், கோள்கள் யாவும் பூமியைச் சுற்றுவதாகக் கொண்ட நூல்கள் அவை; எனினும் நிலவின் ஒளி சூரியனிடமிருந்து பெறப்படுவது என்பதிலும், கிரகணத்தின் காரணத்திலும் அவற்றில் பிழையில்லை. இப்னுல் ஹைஸம் நிலவின் ஒளியைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் இயற்றியிருக்கிறார். ஆக, நம் பிழையை முன்னோர் மீது சுமத்தவும் வழியில்லை.

அறிவியலைத் தம் துறையாகக் கொள்ளாத மாணவருக்குக் கல்லூரியில் அறிவியலைக் கற்பிக்க வேண்டுமா, வேண்டுமெனில் எதனை, எவ்வாறு என்னும் வினாவை இங்கிருந்தே தொடங்குகிறோம். இவ்வினாவை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த நாடு அமெரிக்காவாகும். அங்கே இளங்கலைப் பட்டம் நான்காண்டுப் படிப்பு. ஆங்கில இலக்கியமோ வரலாறோ வணிகவியலோ முதன்மைப் பாடமாக எடுத்தவரும், பட்டம் பெறுமுன் ஓரிரு அறிவியல் பாடங்களையேனும் பயிலுதல் வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதி. இதன் பயனை மதிப்பிட முயன்றவருள் ஜான் மில்லர் குறிப்பிடத்தக்கவர். நாளிதழில் வரும் அறிவியல் செய்தியைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அறிவுடைய அமெரிக்கர், அவரது கணக்குப்படி, 1988-இல் நூற்றுக்கு 10 பேரளவில் இருந்தனர். 2008-இல் அது 28 ஆயிற்று. கட்டாயமாகப் பயில வைக்கும் இப்பாடங்களுக்கு இவ்வளர்ச்சியில் பெரும் பங்குண்டு என்பது அவர் முடிவு.

எனினும் இப்பாடங்கள் அங்கே மதிப்புடன் நடத்தப்பட்டன என்று எண்ணிவிட வேண்டா. மாணவர்கள் இவற்றுக்குக் கேலிப்பெயர் சூட்டினர். புவியியலின் அறிமுகப் பாடம் விளையாட்டு வீரருக்கான கல்லுப் பாடம் ஆயிற்று. கணிதம் நீக்கிய இயற்பியல், கவிஞர்களுக்கான இயற்பியல் ஆயிற்று. பின்னதை ராபர்ட் மார்ச் என்னும் இயற்பியலார் 1970-இல் தம் நூலுக்கே பெயராக வைத்துக்கொண்டார். கேலிக்குக் காரணம் இல்லாமலில்லை. அறிவியல் மாணவருக்கு வைக்கும் பாடத்தையே எடுத்து, கணக்கை நீக்கி, ஆய்வுக்கூடத்தை நீக்கி, கடினமான பகுதிகளை நீக்கி, எஞ்சியதைப் பிறருக்கு ஊட்டினர். பாலில் நீர் கலந்தால் பாலின் நிறம் இருக்கும், சத்து இராது. தேர்வுக்குரிய கலைச்சொற்கள் மட்டும் மாணவர் நினைவில் தங்கின. அவையும் விடுமுறை வரைதான்.

இதற்கு மாற்று கண்டவர் ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட். வேதியியலார், 1933 முதல் 1953 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தை வழிநடத்தியவருள் ஒருவர். 1945 ஜூலை 16 அன்று பாலைவனத்தில் முதல் குண்டு வெடித்ததை நேரில் கண்டவர். அக்குண்டைச் செய்வித்தோரில் ஒருவர்தாம் அறிவியலறியாத மாணவரைப் பற்றிக் கவலை கொண்டார் என்பது சிந்திக்கத்தக்கது. இனி அரசு நடத்துவோரும் சட்டம் இயற்றுவோரும் பத்திரிகை எழுதுவோரும் அறிவியலாரின் சொல்லை எடைபோட்டே முடிவெடுக்க வேண்டிவரும். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் அறிவியலார் அல்லர். அவர்களுக்கு என்ன கற்பிப்பது? 1946-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அவர் இதற்கு விடை தேடினார். அடுத்த ஆண்டு அவை நூலாயின. தகவல்களை மிகுதியாகக் கொடுப்பதால் பயனில்லை. ஓர் அறிவியல் முடிவு எவ்வாறு உருவாயிற்று, எதிர்ப்புகளை எவ்வாறு கடந்தது, தவறியவர் எவ்விடத்தில் தவறினர் என்பதனைச் சில நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆழமாகக் காட்ட வேண்டும் என்றார். சட்டக் கல்லூரியில் பழைய வழக்குகளைக் கொண்டு சட்டம் பயிற்றுவதை ஒத்தது இம்முறை. ஹார்வர்டில் இப்பாடம் தொடங்கியது. அதற்கென எழுதப்பட்ட சிறுநூல்கள் 1957-இல் இரு தொகுதிகளாகவும் வெளிவந்தன.

அவற்றுள் முதலாவது காற்றையும் வெற்றிடத்தையும் பற்றியது. இதனைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். காரணம் பின்னர் விளங்கும்.

உறிஞ்சு குழாயால் கிணற்று நீரை ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் ஏற்ற முடிவதில்லை என்பதைத் தொழிலாளர்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர். இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது, ஆகவே நீர் மேலேறி அவ்விடத்தை நிரப்புகிறது என்பது அறிஞர் கூறிவந்த காரணம். அங்ஙனமாயின் அவ்வெறுப்பு 10 மீட்டரோடு தீர்ந்துபோவது ஏன்? 1644-இல் இத்தாலியரான டாரிசெல்லி, நீருக்குப் பதிலாக அதைவிட 13.6 மடங்கு எடையுள்ள பாதரசத்தை எடுத்துக்கொண்டார். ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் அதனை நிரப்பிப் பாதரசத் தொட்டியில் கவிழ்த்தபோது, ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் பாதரசம் நின்றது. மேலே வெற்றிடம். நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம்; அக்காற்றின் எடையே பாதரசத்தைத் தாங்கி நிற்கிறது என்றார் அவர். 10 மீட்டரை 13.6 ஆல் வகுத்தால் விடை கிட்டத்தட்ட அதே உயரமாக வருவதை வாசகரே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அழகிய விளக்கம்தான். ஆனால் விளக்கம் அழகாயிருப்பது சான்றாகிவிடாது. பிரான்சில் பாஸ்கல் மேலும் ஓர் அடி வைத்தார். காற்றின் எடைதான் காரணமெனில், மலையுச்சியில் மேலிருக்கும் காற்று குறைவாதலால் பாதரசமும் தாழ்ந்து நிற்க வேண்டும். இயற்கையின் வெறுப்புதான் காரணமெனில், அது அடிவாரத்தில் ஓரளவும் உச்சியில் ஓரளவுமாக இருக்க நியாயமில்லை. தம் உடல்நலம் இடம் தராமையால் சகோதரியின் கணவரான பெரியேயை அனுப்பினார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே சிலரைச் சாட்சிகளாக அழைத்துக்கொண்டு புய் தெ டோம் மலை மீது குழாயுடன் ஏறினார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. இதில் நம்மை மிகவும் கவர்ந்தது மலை ஏறியவரன்று. அடிவாரத்து மடம் ஒன்றின் தோட்டத்தில் மற்றொரு குழாயை நிறுத்தி, நாள் முழுவதும் அதனைக் கவனித்துக்கொண்டிருக்க ஒருவரை அமர்த்திச் சென்றனரே, அந்தத் துறவிதான். அவரது குழாயில் மாற்றம் ஏதுமில்லை. அவர் அங்கு இல்லாதிருந்தால், அன்றைய வானிலை மாறியதால் பாதரசம் தாழ்ந்தது என்று எவரும் வாதிட்டிருக்கலாம். ஒன்றும் நிகழவில்லை என்பதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார். அறிவியல் முறை என்னும் பெயரில் நூல்கள் பக்கம் பக்கமாகக் கூறுவதை இத்துறவி ஒருவர் விளக்கிவிடுகிறார்.

எதிர்ப்பு அத்துடன் ஓயவில்லை. இங்கிலாந்தில் பாயில், ஹூக்கின் துணையோடு அமைத்த காற்றிறைப்பானுக்குள் பாதரசக் குழாயை வைத்துக் காற்றை வெளியேற்றினார், பாதரசம் இறங்கியது. காற்றை மீண்டும் விட்டபோது ஏறியது. 1660-இல் இதனை அவர் வெளியிட்டதும், லீனஸ் என்னும் பாதிரியார் மறுப்பு எழுதினார். பாதரசத்தைக் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இழை மேலிருந்து பற்றி இழுக்கிறது. குழாயின் மேல்முனையை விரலால் மூடினால் அவ்விழுப்பை உணரலாமே என்றார். இன்று நமக்கு வேடிக்கையாகத் தோன்றும் இம்மறுப்பைப் பாயில் புறந்தள்ளவில்லை. காற்றின் அமுக்கம் எவ்வளவு தாங்கும் என்பதை அளந்து காட்ட முற்பட்டார். பள்ளிப் பிள்ளைகள் மனனம் செய்யும் பாயில் விதி 1662-இல் வெளிவந்தது இம்மறுப்புக்கு விடையாகத்தான். லீனஸ் வாய் மூடியிருந்தால் அவ்விதி அப்போது பிறந்திராது.

இப்போது நம் மத்ரஸாவுக்கு வருவோம். நிஜாமிய்யாப் பாடத்தில் மெய்யியலுக்கென ஓதப்பட்டது அபஹரீயின் 'ஹிதாயத்துல் ஹிக்மா'வும் அதற்கு மைபுதி எழுதிய விரிவுரையுமாகும். அதில் 'கலா' எனப்படும் வெற்றிடம் இருக்கவியலாது என்பது தர்க்கத்தால் நிறுவப்படுகிறது. மறுபுறம் அஷ்அரிய்யா முதகல்லிமீன்கள் வெற்றிடம் கூடும் என்றனர். இருதரப்பு வாதங்களையும் மாணவப் பருவத்தில் நாம் மனனம் செய்தோம். மேற்கோளும் மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக ஒப்பித்துப் பாராட்டும் பெற்றோம். அறிவைத் தீட்டும் பயிற்சி அது. அதனைக் குறைகூற மாட்டோம். ஆனால் இவ்வினாவை ஒரு கண்ணாடிக் குழாயிடமும் கேட்கலாம் என்பதை எவரும் நமக்குச் சொல்லவில்லை. கோனன்டின் சிறுநூலைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட உணர்வு, வாழ்நாள் முழுதும் பாதி வரை கேட்டிருந்த வழக்கின் தீர்ப்பை முதுமையின் வாயிலில் கேட்டதைப் போன்றது. அறிவியல் பயிலாத மாணவருக்கு வெற்றிடத்தைக் கற்பிக்க மைபுதி ஓதிய மாணவரைவிடத் தகுதியானவர் கிடைப்பரோ!

கோனன்டின் பாடம் கற்பித்தோரையும் மாற்றியது. 1947-இல் அதற்குத் துணையாக அழைக்கப்பட்ட தாமஸ் கூன் அப்போது இயற்பியல் ஆய்வு மாணவர். பாடத்துக்காக அரிஸ்டாட்டிலைப் படிக்கத் தொடங்கிய அவருக்கு, இத்துணைப் பெரிய அறிஞர் இயக்கத்தைப் பற்றி இவ்வளவு பிழையாக எழுதியது எங்ஙனம் என்னும் திகைப்பு எழுந்தது. அரிஸ்டாட்டிலின் சொற்களுக்கு அவர் காலத்துப் பொருளைக் கொடுத்துப் படித்தபோது அத்திகைப்பு நீங்கியது. 1962-இல் அவர் வெளியிட்ட 'அறிவியல் புரட்சிகளின் அமைப்பு' என்னும் புகழ்பெற்ற நூலின் விதை அங்கே விழுந்தது. கலை மாணவருக்கென வைத்த பாடத்தைக் கற்பிக்கப்போய் ஓர் இயற்பியலார் வரலாற்றாசிரியரானார்.

வேறு வழிகளும் உண்டு. பிரின்ஸ்டனில் எரிக் ரோஜர்ஸ், பாடத்தின் பெரும்பகுதிகளைத் துணிந்து விட்டுவிட்டு, எடுத்துக்கொண்ட சிலவற்றை முழுமையாகக் கற்பித்தார். 1960-இல் வந்த அவரது பெருநூல் இன்றும் படிக்கத்தக்கது. பெர்க்லியில் ரிச்சர்டு முல்லர், நாளை நாடாளப் போகும் ஒருவர் ஆற்றல், அணுக்கதிர், செயற்கைக்கோள் குறித்து அறிந்திருக்க வேண்டியவற்றைப் பாடமாக்கி, 2008-இல் நூலாகவும் தந்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகம் 2004-இல் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் இன்றைய ஆய்வு முனைகளைக் காட்டும் பாடத்தைத் தொடங்கியது. பதினேழாம் நூற்றாண்டுப் பாதரசக் குழாயைக் கற்றவர் இன்றைய தடுப்பூசி ஆய்வையும் பருவநிலைக் கணிப்பையும் மதிப்பிட இயலுமா என்று இவர்கள் கோனன்டை நோக்கிக் கேட்பது நியாயமே. பெருந்தொகை எண்களையும் நிகழ்தகவையும் கொண்டு முடிவுசெய்யும் இன்றைய ஆய்வுகளுக்கு அவரது முறை போதாது என்பதை நாமும் ஏற்கிறோம். ஆயினும் தொடக்கத்திற்கு அதுவே ஏற்றது என்பது நம் கருத்து. இன்றைய ஆய்வின் முடிவைக் கேட்கும் மாணவர் நம்பத்தான் முடியும். பழைய குழாயை அவர் தாமே கவிழ்த்துப் பார்க்கலாம். பாதரசம் நஞ்சாதலால் நீரைக் கொண்டு மாடியிலிருந்து தொங்கும் நீண்ட குழாயில் பார்க்கலாம்.

நம் நாட்டில் இச்சிந்தனை புதிதன்று. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, துறைக் கல்வியோடு பொதுக் கல்வியும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னாளில் உச்ச நீதிமன்ற ஆணையால் சுற்றுச்சூழல் கல்வி இளங்கலை மாணவர் அனைவருக்கும் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டச் சட்டகம், தம் துறைக்குப் புறம்பான பாடங்களுக்கென 9 மதிப்பலகுகளை ஒதுக்கி, இயற்கை அறிவியலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. ஏட்டளவில் இவை நன்றே. சுற்றுச்சூழல் தாளுக்கு மாணவர் வழிகாட்டி நூலை முதல்நாள் இரவு புரட்டித் தேறுவதைக் கல்லூரி ஆசிரியர் அனைவரும் அறிவர்.

அரபிக் கல்லூரி மாணவருக்கு இப்பாடம் எளிதில் வசப்படும் என்று நாம் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு செய்தியைக் கேட்டதும் யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, அவரது நினைவாற்றல் எத்தகையது என்று வினவும் பழக்கம் ஹதீஸ் கலை பயிலும் அவருக்கு இரத்தத்தில் ஊறியது. அறிவியலிலும் அளந்தவர் யார், எத்தனை முறை அளந்தார், உடனிருந்து கண்டவர் எவர் என்னும் வினாக்கள் உண்டு. பெரியே சாட்சிகளை அழைத்துச் சென்றது அதனால்தான். எனினும் ஒப்புமையை அளவுமீறி நீட்டலாகாது. நடந்து முடிந்த ஒரு சொல்லை அறிவிப்பாளர் தொடர் வழியாகவன்றி நாம் அடைய முடியாது. பாதரசக் குழாயையோ இன்றும் மலைமேல் எடுத்துச் செல்லலாம். பெரியே நம்பிக்கைக்குரியவரா என்னும் ஆய்வு அப்போது தேவையற்றுப் போகிறது. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்த மாணவர் இரு கலைகளையும் மதிப்பார்.

இவ்விடத்தில் நம்மவரின் வழக்கம் ஒன்றைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. அறிவியல் என்றதும் ஜாபிர், குவாரிஸ்மி, இப்னுல் ஹைஸம், பைரூனி என்று பெயர்ப்பட்டியல் ஒன்றை வாசித்துப் பெருமிதத்துடன் அமர்ந்துவிடுகிறோம். இத்தகைய கட்டுரைகளை நாமும் எழுதியிருக்கிறோம். சிறு துளை வழியே இருட்டறைக்குள் ஒளி புகுந்து தலைகீழ் உருவம் காட்டுவதை இப்னுல் ஹைஸமின் பெயரோடு எத்தனையோ மேடைகளில் முழங்கினோம். ஓர் அட்டைப்பெட்டியில் துளையிட்டு அதனைக் கண்ணால் பார்த்தது ஐம்பது வயதைக் கடந்த பின்னரே. தாலமியின் நூலில் கண்ட முரண்களைத் தொகுத்து ஐயங்கள் எனப் பெயரிட்டு நூல் எழுதியவர் அவர். அவரை ஐயமின்றிப் போற்றுவதோடு நாம் நின்றுவிட்டோம்.

சென்ற ஆண்டு முதல் வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். தேர்வு இல்லை. முதல் பாடம் பிறைதான். ஒரே மாலையில் நம் ஊரில் காணாத பிறையை மக்காவில் காணக்கூடுவது எவ்வாறு என்று மாணவர் கேட்டனர். நிலவு சூரியனைவிட்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 பாகை விலகுகிறது. அதாவது மணிக்கு அரைப் பாகை. அங்கே சூரியன் மறைவது நமக்கு இரண்டரை மணிநேரம் கழித்து. அதற்குள் நிலவு மேலும் ஒரு பாகைக்குமேல் விலகிவிடுகிறது. விலக்கம் 7 பாகைக்குக் குறைந்தால் பிறை கண்ணுக்குத் தென்படுவதில்லை என்று டான்ஜோன் என்னும் பிரெஞ்சு வானியலார் 1930-களில் கணித்தார். வரம்பை ஒட்டிய நாளில் அந்த ஒரு பாகையே வேறுபாட்டை உண்டாக்கிவிடும். ஓரூர்ப் பிறை மற்றோரூருக்குச் செல்லுமா என்பது ஃபிக்ஹுக் கலைக்குரிய தனி வினா. அதனை இவ்வகுப்பில் தொடுவதில்லை என்று முதல்நாளே சொல்லிவிட்டோம்.

பின்னர் ஜன்னல்களை அடைத்து, நடுவே ஒரு விளக்கை வைத்து, குச்சியில் செருகிய வெள்ளைப் பந்து ஒன்றை மாணவர் கையில் தந்தோம். விளக்கு சூரியன், பந்து நிலவு, அவர் தலை பூமி. கையை நீட்டியபடி இடப்புறமாக மெல்லச் சுழலும்போது பந்தில் மெல்லிய பிறை தோன்றி வளர்ந்து பாதியாகிப் பெருகியது. விளக்குக்கு முதுகு காட்டி நின்றபோது மாணவரின் தலை நிழல் பந்தின்மேல் விழுந்து அதனை மறைத்தது. "உஸ்தாத், இவ்வாறாயின் ஒவ்வொரு முழுநிலவன்றும் கிரகணம் வர வேண்டுமே?" என்றார் பின்வரிசையிலிருந்த ஒருவர். நமக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னோம். அடுத்த வாரம் படித்துக்கொண்டு வந்து, நிலவின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதைச் சொல்லி, பந்தைத் தலைக்குச் சற்று மேலே உயர்த்திப் பிடிக்கச் செய்தோம். நிழல் கீழே சென்றது. பந்து முழுமையாக ஒளிர்ந்தது.